அவரைப் பந்தலடியில்

அந்த மார்கழியில் எங்கள் தோட்டத்தில் ஒரு கண்ணாடி விரியன் இருந்தது. என்னைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். எனக்கு அப்போது எட்டாம் மாதம். தினமும் விடியும் வேளையில் வெறுங்காலோடு அந்தத் தோட்டத்துக்குள் போய் வந்துகொண்டிருந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் என்றால் பெரிய கூட்டமில்லை. அம்மா, அப்பா, பக்கத்து வீட்டு அக்கா, விழுப்புரத்தில் இருந்த என் கணவர். நாலு பேரும் ஒன்றாகக் கூடிப் பேசி, என் காதில் எதுவும் விழாமல் பார்த்துக்கொண்டார்கள். இதை எழுதும்போதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகம். அம்மாவிடமிருந்து வந்தது.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து என்னைத் திண்டிவனத்துக்கு அழைத்து வந்தபோது கார்த்திகை பிறந்திருந்தது. அப்பா பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரிக்கரைப் பக்கம் புதிதாக மனை பிரித்த இடத்தில் வீடு கட்டியிருந்தார். பக்கத்து மனைகளில் பாதி காலி. முள்ளும் கோரையும் ஆள் உயரத்துக்கு நின்றன. ஐப்பசி மழையில் எங்கள் கொல்லையிலும் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று, அப்போதுதான் வடிந்திருந்தது. அம்மா வைத்த கத்தரியும் மிளகாயும் வேர் அழுகி மஞ்சளாகத் தொங்கின. தண்ணீர் வடிந்த களிமண் காயக் காயப் பாளம் பாளமாக வெடித்தது. மண்வெட்டி போட்டால் டணார் என்று சத்தம் வந்தது.

சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது. டாக்டரம்மா தினமும் நடக்கச் சொல்லியிருந்தார். வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று தோட்டத்தைக் கையில் எடுத்தேன். நான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொல்ல, அப்பா செய்தார். பாத்தியை உயர்த்திக் கட்டினோம். மக்கிய சாணமும் ஏரி வண்டலும் கலந்து போட்டோம். வேலியோரம் அவரைப் பந்தல், அதற்குக் கீழே முள்ளங்கி, சிறுகீரை, அந்தப் பக்கம் பரங்கிக்கொடி, வாசல் பக்கம் டிசம்பர் பூ. கடைசியாக மூடாக்கு. மண் வெடிக்காமல் இருக்க, காய்ந்த சருகை அதன்மேல் கனமாகப் பரப்பி வைப்பதுதான் மூடாக்கு. செல்போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. அப்பா முண்டியம்பாக்கத்தில் தெரிந்தவர் ஒருவரின் கரும்புக் கொல்லையிலிருந்து ஒரு குட்டியானை வண்டி நிறைய சோகை, அதாவது காய்ந்த கரும்பு இலை, கொண்டுவந்து இறக்கினார்.

"குப்பைய வாரிக் கொட்டிக்கினு, இதுக்குப் பேரு தோட்டமா?" என்றாள் அம்மா. தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். எங்கள் தெருவில் தண்ணீர் லாரிக்கு ஹாரன் தேவையில்லை, அம்மா போதும். அவளுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. சாவு வீட்டில்கூட ரகசியம் பேசுகிறேன் என்று பேசிப் பத்துப் பேரைத் திரும்பிப் பார்க்க வைப்பவள்.

ஆனால் சோகை வேலை செய்தது. பத்துப் பதினைந்து நாளில் அதை விலக்கிப் பார்த்தால் அடியில் மண் புட்டு மாதிரி உதிர்ந்தது. மண்புழு வந்தது. நான் தலைகால் புரியாமல் ஆடினேன். மண்புழுவுக்குப் பின்னால் எலி வந்ததும், எலிக்குப் பின்னால் வேறு எது வரும் என்பதும் எனக்குத் தோன்றவேயில்லை.

கார்த்திகை கடைசியில் ஒரு மதியம். நான் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தேன். அவரைக்கொடிக்குக் கயிறு கட்டப் போன அப்பா, பந்தலடியில் சோகைமேல் அது வெயில் காய்ந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார். முழங்கை கனம். முதுகில் சங்கிலி கோத்த மாதிரி வட்டம் வட்டமாக. அப்பா கழியை ஓங்கிவிட்டார். பின்னால் வந்த அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளத்தாச்சி வூட்ல இருக்கா. அடிக்காதீங்க."

எங்கள் பக்கத்தில் இது பெரிய விஷயம். வீட்டில் ஒருத்தி வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது பாம்பை அடிக்க மாட்டார்கள். அந்தப் பாவம் வயிற்றுக்குள் போய்ச் சேரும் என்பார்கள். ஓங்கிய கழி அப்படியே நிற்க, அது சோகைக்குள் நுழைந்து போய்விட்டது.

அடிக்காமல் விட்டது ஒன்று. என்னிடம் சொல்லாமல் விட்டது இன்னொன்று. அதற்கும் காரணம் இருந்தது. எனக்கு முதலில் உண்டான கரு மூன்றாம் மாதமே கலைந்துபோனது. அதற்கு முந்தின நாள் தெருவில் யாரோ வெடி வெடிக்க, நான் திடுக்கிட்டுக் கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டேன். அந்தப் பயத்தில்தான் கரு போயிற்று என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டரம்மா எத்தனையோ முறை சொல்லியும் அவள் மனம் மாறவில்லை. அதனால் இந்த முறை வீட்டில் யாரும் கதவைக்கூட அறைந்து சாத்துவதில்லை. அப்படிப் பொத்தி வைத்திருந்த என்னிடம் தோட்டத்தில் விரியன் இருக்கிறது என்று யார் சொல்வார்கள்? என் கணவருக்கு மட்டும் போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். "அவகிட்ட சொல்லாதீங்க மாமா, பயந்துடுவா" என்று அந்த மகராசனும் சொல்லியிருக்கிறார்.

பக்கத்து வீட்டு அக்கா தன் பங்குக்குத் தைரியம் கொடுத்திருக்கிறாள். "வயித்துல புள்ள இருக்கறவங்கள அது ஒண்ணும் பண்ணாதும்மா. பாத்தாலே அதுக்குக் கண்ணு மங்கிடும். எதுக்கும் சிறியாநங்கை வைங்க. அந்த வாசனைக்கு அண்டாது."

மறுநாளே பந்தலைச் சுற்றிச் சிறியாநங்கைச் செடி வரிசையாக வந்து உட்கார்ந்தது. எதற்கு இது என்று கேட்டேன்.

"அப்பாவுக்கு சுகர் இருக்கில்ல. கசப்பு, நல்லது" என்றாள் அம்மா.

"அதுக்கு இத்தினி செடியா? ஊருக்கே கஷாயம் வெக்கப் போறீங்களா?"

அப்பா மண்ணைப் பார்த்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.

மார்கழி பிறந்தது. எல்லாமே எனக்கு எரிச்சலாக மாறியது அந்த மாதத்தில்தான். நான் தோட்டத்துக்குப் போனால் அப்பா ஒரு கழியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார். கால்வலி என்றார். கீரை கிள்ளக் குனிந்தால் அம்மா ஓடிவந்து கூடையைப் பிடுங்கினாள். பனி உடம்புக்கு ஆகாது என்றாள். ஸ்டூலைப் பந்தலடியில் போட்டால் யாரோ எடுத்து வாசலில் போட்டார்கள். பந்தலடியில் அடிக்கடி தரையைத் தட்டும் சத்தம் கேட்டது. கேட்டால் எலி விரட்டுகிறோம் என்றார்கள். என்னைச் சின்னப் பிள்ளை மாதிரி நடத்துகிறார்கள், நான் செய்த தோட்டம் நன்றாக வந்தது அம்மாவுக்குப் பொறுக்கவில்லை என்றெல்லாம் நினைத்தேன். கணவரிடம் போனில் புலம்பினேன். அவர் "உம்" கொட்டினார்.

செருப்பு விஷயம்தான் பெரிய சண்டை. மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டைமேல் வைக்கப் பரங்கிப்பூ வேண்டும். சாமி படத்துக்கு டிசம்பர் பூ வேண்டும். குளித்துவிட்டுப் பூப் பறிக்கப் போகும்போது செருப்புப் போடக்கூடாது என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிக் கொடுத்தவள் அம்மா. ஒருமுறை பள்ளிக்கூடத்து ஷூவோடு செடியைத் தொட்டேன் என்று முதுகில் ஒன்று வைத்தவள். அதே அம்மா இப்போது என் செருப்பைக் கொண்டுவந்து கொல்லைக் கதவு ஓரம் போட்டாள்.

"போட்டுக்கினு போ."

"சாமிக்குப் பூப் பறிக்கப் போறேன். செருப்பா?"

"பரவால்லடி. மண்ணு சில்லுனு இருக்குது."

"நீதானேம்மா சொன்ன, கூடாதுன்னு. இப்ப உனக்கு மட்டும் சாமி ஆர்டர் மாத்திக் குடுத்துதா?"

நான் ஜெயித்துவிட்டேன் என்று வெறுங்காலோடு இறங்கிப் போனேன். தான் போட்ட சட்டத்தில் தானே மாட்டிக்கொண்டு அவள் கதவைப் பிடித்து நின்றதை, வீம்பில் தோற்றுப்போனதாகத்தான் அன்று எடுத்துக்கொண்டேன்.

மார்கழி நடுவில் என்னை முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குச் செக்கப்புக்கு அழைத்துப் போக என் கணவர் வந்தார். நாங்கள் கிளம்பியதும் பாம்பு பிடிக்கிற ஒருவரை வரவழைத்திருக்கிறார்கள். அவர் வந்து சோகை முழுவதையும் வாரி மூலையில் குவிக்கச் சொல்லித் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. ஏரிப் பக்கம் போயிருக்கலாம், இங்கேயே வளைக்குள் இருந்தாலும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால் பாத்தி எல்லாம் மொட்டையாகக் கிடந்தது.

"என் சோகைய யாரு வாரினது?"

"எலி அடையுதுடி" என்றாள் அம்மா.

அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் அம்மாவின் குரலே கொஞ்சம் சிறுத்துப்போனது. ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் காலை நானே மூலைக்குப் போய், அந்தக் குவியலுக்குள் இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் விட்டு ஒரு கட்டுச் சோகையை இழுத்தேன். பின்னால் அம்மா அலறிக்கொண்டு ஓடிவந்தாள். என் தோளைப் பிடித்து இழுத்த இழுப்பில் நான் தடுமாறினேன்.

"தள்ளுடி. நான் போடறேன். நீ தொடாத. நான் போட்டுத் தொலைக்கறேன்."

அவளே போட்டாள். ஒவ்வொரு பிடியாக எடுத்து, உதறி, கீழே தட்டி, மறுபடி உதறி. அரை நாள் ஆயிற்று அவளுக்கு. என்மேல் உள்ள கோபத்தில்தான் இப்படி உதறுகிறாள் என்று ஸ்டூலில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். பக்கத்தில் நின்ற அப்பாவின் முகம் வியர்த்திருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து அது நடந்தது. நல்ல பனி. அவரை பூத்துக் குலுங்கியது. பனிக்கு அவரையில் செடிப்பேன் அடையும். கறுப்பாக மொட்டைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். ஈரம் காய்வதற்கு முன் சாம்பல் தூவினால்தான் இலையில் பிடிக்கும். பூப் பறித்து வைத்துவிட்டு, கிண்ணத்தில் சாம்பலோடு பந்தலடிக்குப் போனேன். கிண்ணத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையால் தூவினேன்.

பக்கத்தில் எங்கோ புஸ்ஸென்று சத்தம் வந்தது. குக்கர் விசில் விடுவதற்கு முன்னால் சீறுமே, அதே சத்தம். அக்கா இன்றைக்கு இவ்வளவு சீக்கிரம் குக்கர் வைத்துவிட்டாளே என்று நினைத்தேன்.

"கண்ணு."

கொல்லைக் கதவு பக்கமிருந்து அம்மாவின் குரல். என் வயதுக்கு அம்மா என்னைக் கண்ணு என்று கூப்பிட்டுக் கேட்டதில்லை. அதைவிட, அந்தக் குரல் அவ்வளவு தாழ்ந்திருந்தது. அம்மாவுக்குத்தான் என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

"அங்கியே நில்லும்மா. கால எடுக்காத. கீழ பாக்காத. என்னப் பாரு."

கீழே பார்க்காதே என்றால் யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்? பார்த்தேன். என் வலது காலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும். அது அண்டவே அண்டாது என்று வைத்த சிறியாநங்கைச் செடியின் அடியிலேயே சுருண்டு, தலையை மட்டும் தூக்கி வைத்திருந்தது. உடம்பு மூச்சுக்கு மூச்சு உப்பி வடிந்தது. சத்தம் அதிலிருந்துதான் வந்தது.

எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கிண்ணம் சாய்ந்து, சாம்பல் என் புடவைமேல் கொட்டியது. வயிற்றுக்குள் குழந்தை சுருட்டிப் புரண்டது. ஐயோ, நீயாவது அசையாமல் இரு என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"சாயங்காலம் அடை சுடறேன்" என்றாள் அம்மா, அதே தாழ்ந்த குரலில். "முருங்கக்கீர போட்டு. நீ கேட்டுக்கினே இருந்தியே. வெல்லம் இருக்குது. வெண்ணெதான் இல்ல, அப்பாவ வாங்கியாரச் சொல்றேன். என்னப் பாரும்மா. என்ன மட்டும் பாரு."

அவளையே பார்த்தேன். பேசிக்கொண்டே வந்தாள். ஒரு அடி எடுத்து வைப்பாள், நிற்பாள், பேசுவாள். அந்த மாதத்தில் எனக்கு அடிக்கடி ஆடுசதை பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து வலது காலில் சதை இறுக ஆரம்பித்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் என் கால் என் பேச்சைக் கேட்காது என்று தெரிந்தது. அதை அம்மாவிடம் சொல்லக்கூட வாய் வரவில்லை.

அப்பா அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து, நீளமான மூங்கில் கழியின் நுனியைச் செடிக்குள் மெதுவாக விட்டார். அடிக்கவில்லை. அதற்கும் என் காலுக்கும் நடுவில் குறுக்காக வைத்தார். அது கழியைப் பார்த்து ஒரே வெட்டாகப் பாய்ந்தது. மூங்கிலில் பல் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அதே நொடியில், என் முதுகுப் பக்கம் வந்துவிட்டிருந்த அம்மா என் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துப் பின்னால் தூக்கினாள். நானும் அவளும் கீரைப் பாத்திமேல் உட்கார்ந்த வாக்கில் விழுந்தோம். அது அவசரமே இல்லாமல் சோகைக்குள் போய்விட்டது.

சமையலறைத் தரையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். அம்மாவின் குரல் பழையபடி திரும்பிவிட்டது. கழியை முன்னாலேயே வைத்திருக்க வேண்டாமா என்று அப்பாவைப் பிடித்து விளாசிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. சிறியாநங்கை, கழி, செருப்பு, உதறி உதறிப் போட்ட சோகை.

"எவ்ளோ நாளா?" என்றேன்.

"கார்த்திகைலேந்து" என்றார் அப்பா.

"அவருக்கும் தெரியுமா?"

அப்பா ஆமாம் என்று தலையாட்டினார்.

நான் அதுவரைக்கும் அப்படிப் பேசியதில்லை. "பயந்தா புள்ளைக்கு ஆகாதுன்னு சொல்லல. மிதிச்சிருந்தா? மிதிச்சிருந்தா புள்ளைக்கு நல்லதா? எல்லாரும் செருப்பு போட்டுக்கினு, கழிய வெச்சிக்கினு நடந்தீங்க. நான் ஒருத்தி மட்டும் வெறுங்கால். நான் இப்பவே விழுப்புரம் போறேன். வண்டிக்கு சொல்லுங்க."

"எல்லாரும் இல்லம்மா" என்றார் அப்பா. "உங்கம்மா செருப்பு போடல."

"வாய மூடுங்க" என்றாள் அம்மா.

அப்பா மூடவில்லை. "நீ எழுந்துக்கறதுக்கு முன்னாடி தெனம் அவ உள்ள போவா. ஒவ்வொரு பாத்தியா, ஒரு எடம் விடாம மிதிச்சிப் பாத்துட்டு வருவா. இருந்தா என்னக் கடிக்கட்டும், அவ தப்பிச்சிப்பான்னு சொல்லுவா. செருப்பாவது போட்டுக்கடின்னேன். அவ வெறுங்காலோட வர்றா, நான் செருப்பு போட்டுக்கினு மிதிச்சா எப்படிச் சரியா வரும்னு கேட்டா. இன்னைக்கும் மிதிச்சிட்டுத்தான் வந்தா. அதுக்கப்புறம்தான் அது வந்திருக்குது."

அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் காலைப் பார்த்தேன். பித்தவெடிப்பில் களிமண் அப்பியிருந்தது.

கட்டிக்கொண்டு அழுதேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. "உனக்கு மூள இருக்குதா? நீ செத்துப்போனா எனக்கு யாரு பிரசவம் பாப்பா?" என்று கத்தினேன்.

"நீயும் புள்ளையும் இருப்பீங்க இல்ல" என்றாள் அவள், சாதாரணமாக.

அன்று மதியமே பாம்பு பிடிக்கிறவர் மறுபடி வந்தார். இந்த முறை கிடைத்துவிட்டது. அவர் அதைப் பைக்குள் விட்டு வாயைக் கட்டியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சோகை முழுவதையும் வெளியே கொண்டுபோய்ப் போடச் சொன்னேன். இனிமேல் ஒன்றுமில்லையே என்று அம்மா அவரை விடாமல் கேட்டாள். எலி இருக்கிற வரைக்கும் எதையும் சொல்ல முடியாதும்மா, பாத்து நடந்துக்குங்க என்று சொல்லிவிட்டு அவர் போனார். நான் விழுப்புரம் போகவில்லை. இனிமேல் எல்லோரும் செருப்பு போட்டுக்கொள்வது, டார்ச் இல்லாமல் இறங்குவதில்லை, எதையும் யாரும் யாரிடமும் மறைப்பதில்லை என்று பேசி முடித்தோம். அம்மாவிடம் தனியாகச் சொன்னேன், நாளையிலிருந்து நீ உள்ளே போகக்கூடாது என்று. சரி என்றாள். என் வயிற்றில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினேன். வைத்தாள்.

மறுநாள் விடியுமுன் விழிப்பு வந்தது. பக்கத்துப் பாயில் அம்மா இல்லை. எழுந்து போய்ச் சமையலறை ஜன்னலில் நின்றேன். பனி மூட்டத்தில் அவள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு, முள்ளங்கிப் பாத்தியை மிதித்துக்கொண்டிருந்தாள். ஒரு கால் வைத்து, அழுத்தி, நின்று, அடுத்த கால். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். திடுக்கிட்டுக் காலை மாற்றி வைத்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. பந்தலடி, கீரை, பரங்கிக்கொடி என்று அவள் ஒவ்வொன்றாக முடிக்கும் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். அவள் கால் கழுவக் குழாயடிக்கு வந்ததும், சத்தமில்லாமல் போய்ப் பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.